பெயரும் கட்டமும்

புகலிட எழுத்துக்களில் சலிக்காமல் திரும்பவரும் ஒரு முறைப்பாடு உண்டு: டொச்காரர் எங்கள் பெயர்களைச் சிதைக்கிறார்கள். ஜெயந்தி 'யெயந்தி' ஆகிறாள். வாணி 'ஃபாணி' ஆகிறாள். பிறகு ழகரத்தின் சிறப்பு, தமிழின் தொன்மை என்று கட்டுரை நீண்டு முடிகிறது. இந்த முறைப்பாட்டைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்கவேண்டும்.

முதலாவது, எங்கள் கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்கூட்டல் தமிழல்ல. ஆங்கில ஆட்சி விட்டுச்சென்றது. ஆங்கிலத்தில் 'ஜே'யாக இருப்பது டொச்சில் 'யொட்'. விசாப் படிவத்தில் நாங்கள் எழுதுவது ஆங்கில ஒலி. உத்தியோகத்தர் வாசிப்பது டொச் ஒலி. அப்படியானால் நாங்கள் காக்கப் புறப்பட்டிருப்பது தமிழையா, கொழும்புக் கந்தோரின் ஆங்கிலத்தையா?

எழுத்துக்கூட்டல் அற்ப விடயம் என்பதல்ல எமது வாதம். அல்ரன்ஸ்ரைக் நகரில் மசாஜ் தொழில் செய்துவந்தவர் கிரேக்கரான கிறிஸ்ரோஸ் கொன்ஸ்ரன்ரினிடிஸ். 1973 ஆம் ஆண்டின் பேர்ண் உடன்படிக்கையைப் பின்பற்றி அவரது பெயரைச் சர்வதேசத் தரமுறையில் எழுத்துப்பெயர்த்தபோது அது 'ஹ்ரேஸ்தோஸ் கோன்ஸ்ரன்ரினிடேஸ்' என்று வந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. உச்சரிப்பைத் திரித்து, வாடிக்கையாளர் அவரை வேறொருவராக எண்ணும் ஆபத்தை உண்டாக்கும் எழுத்தைத் திணிப்பது அவரது தொழில் உரிமைக்கு முரணானது என்று 1993 மார்ச் 30 இல் தீர்ப்பாகியது. பெயர் மனிதரின் அடையாளம், அது அடிப்படை உரிமை என்று சட்டமா அதிபர் பிரான்ஸிஸ் ஜேக்கப்ஸ் வாதிட்டிருந்தார். நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. காப்பாற்றப்பட்டது ஐரோப்பியத் தொழிலாளியின் வருமானம். ஐரோப்பியக் குடியுரிமையில்லாத அகதிக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை.

ஆனால் எங்களுக்கு எழுத்தைவிடப் பெரிய வில்லங்கம் படிவத்தின் இரண்டு கட்டங்கள்: குடும்பப் பெயர், முதற்பெயர். கந்தையாவின் மகன் சிவராசா என்று வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் கந்தையா ஏறுகிறார். மனைவி ஜெயந்தி கணவனின் பெயரை முன்னால் போட்டிருந்தால் அவளது குடும்பப் பெயர் சிவராசா. ஒரு குடும்பத்துக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்! இவர்கள் உண்மையில் தம்பதிகள்தானா என்ற சந்தேகம் அங்கே தொடங்குகிறது. குடும்ப இணைவு விசாவுக்குக் காத்திருப்பவருக்கு இது மொழிப்பற்று விவகாரமல்ல, வாழ்க்கை.

இதற்குச் சட்டத்தில் ஒரு வழி பிறந்தது. 2007 இல் நடைமுறைக்கு வந்த, குடியியல் சட்டக்கோவை அறிமுகச் சட்டத்தின் 47 ஆம் பிரிவு, ஜேர்மன் பெயர்ச்சட்டத்தின்கீழ் வந்தவர் தன் பெயரின் பகுதிகளில் எது குடும்பப் பெயர், எது முதற்பெயர் என்று தானே பிரித்து அறிவிக்க இடந்தருகிறது. விவாதிக்கவேண்டியது இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இங்கே அது உறைந்துவிடுகிறது. ஊரில் செத்துப்போன கந்தையா, பேரப்பிள்ளையின் வகுப்பறையிலும் கந்தையாவாகவே கூப்பிடப்படுகிறார். இதைப் பலர் பாரம்பரியம் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். பாரம்பரியமல்ல, படிவம் பெற்ற பிள்ளை அது. கணவனின் பெயரே தானாகக் குடும்பப் பெயராகும் விதியை ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1991 மார்ச்சில் செல்லாதென்றது. 1994 முதல் தாயின் பெயரையும் பிள்ளைக்கு வைக்கலாம். இந்த நாட்டுப் பெண்கள் கழற்றி எறிந்த சட்டையை நாங்கள் புதுச்சட்டையென்று வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கந்தசாமி என்று பெற்றவர் வைத்த பெயரைக் 'கந்தன்' என்று வெட்டிக் கூப்பிட்ட சாதித்திமிர் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அதற்கு இலத்தீன் எழுத்து தேவைப்படவில்லை. பெயர் சிதைவதற்கு அந்நிய எழுத்து மட்டும் காரணமல்ல. ஒருவரின் பெயரைத் தீர்மானிக்கும் அதிகாரம் வேறு கையில் இருப்பதே காரணம். அந்தக் கை ஜேர்மன் உத்தியோகத்தருடையதாகவும் இருக்கலாம், எங்கள் வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம்.

'யெயந்தி' என்று கூப்பிடும் உத்தியோகத்தரை ஜெயந்தியே திருத்திக்கொள்வாள். கட்டத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்று வீட்டில் அவளிடம் யாராவது கேட்டார்களா?