எறிபொருள் கணக்குகளில் மறையும் நிபந்தனை

1638இல் வெளிவந்த கலிலியோவின் ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில், எறிபொருளின் பாதை பரவளையம் என்னும் முடிபு எதிர்ப்பின்றி ஏற்கப்படுவதில்லை. நான்காம் நாள் உரையாடலில் சிம்ப்ளிசியோ புவியின் வளைவையும் காற்றின் தடையையும் சுட்டி ஐயுறுகிறார். சால்வியாட்டி அவற்றை ஒப்புக்கொண்டே, தொலைவும் வேகமும் சிறிதாயின் விளைவும் சிறிதே என விடையிறுக்கிறார். தொடக்கநிலைப் பயிற்சிக் கணக்குகளோ இவ்வுரையாடல் முழுவதையும் ‘காற்றுத்தடையைப் புறக்கணிக்க’ என்னும் ஒரு தொடராக்கிவிட்டன.

கிடைத்தள நெடுக்கச் சூத்திரத்திற்கு அத்தொடர்கூட வாய்ப்பதில்லை. எறிந்த மட்டத்திலேயே பொருள் விழவேண்டும் என்பது அதன் நிபந்தனை. 20 மீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கிடையாக எறிந்த கல்லுக்கு அதனைப் பொருத்தினால், கோணம் சுழி. ஆகவே நெடுக்கமும் சுழி! ஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், கல் விழுவது 2 வினாடி கழித்து, 20 மீட்டருக்கு அப்பால். கலிலியோ முதற்கண் நிறுவியதும் இக்கிடைநிலை எறிதலையே.