ஈவ் ஆன்லைன்: சின்னக் கப்பலே போதும்

2014 ஜனவரியில் ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி இணைய விளையாட்டுக்குள் 21 மணி நேரம் ஒரு போர் நடந்தது. அதில் டைட்டன் என்னும் மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. அன்றைய மொத்த இழப்பு ஏறத்தாழ 3 லட்சம் டாலர் என்று செய்திகள் மதிப்பிட்டன. ஒரு மண்டலத்தின் உரிமைக் கட்டணம் குறித்த நேரத்தில் கட்டப்படாமல் போனதே அதன் தொடக்கம். புதிதாக வருபவர் டைட்டனைப் பார்த்துப் பிரமிக்கிறார். அவர் கவனிக்க வேண்டியது அந்தக் கட்டணத்தை. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 முதல் நடத்திவரும் இந்த உலகில் கப்பலின் அளவு யாரையும் காப்பாற்றுவதில்லை, விதிகள் தெரிந்திருப்பதுதான் காப்பாற்றுகிறது. ஆகவே முதல் சில மாதங்களுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இலவசமாகக் கிடைக்கும் ஆல்ஃபா கணக்கும் ஃபிரிகேட் என்னும் சின்னக் கப்பலும் போதும்.

இதற்கான ஆதாரம் விளையாட்டின் கணக்கிலேயே இருக்கிறது. இங்கே திறன்கள் கடிகார நேரத்தில் வளர்கின்றன. கணினியை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் பயிற்சி ஓடும். எளிமையான ஒரு திறனை நான்காம் நிலைக்குக் கொண்டுவர 45,255 புள்ளிகள் வேண்டும், ஐந்தாம் நிலைக்கு 2,56,000. பெரும்பாலான திறன்களில் ஒவ்வொரு நிலையும் ஒரே அளவு பலன்தான் தருகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு பலன் கைக்கு வந்துவிடுகிறது. இருபது வருடமாக ஆடுகிறவரை எப்படி எட்டிப்பிடிப்பது என்ற கவலைக்கும் பதில் இதுதான். எந்தத் திறனும் ஐந்துக்கு மேல் போகாது. அவருடைய மற்ற நூறு திறன்கள் அவர் ஓட்டும் ஃபிரிகேட்டுக்கு உதவுவதில்லை. எதிரி தப்பி ஓடாமல் பிடித்துவைக்கும் வேலையைச் சின்னக் கப்பலே செய்வதால், பெரிய படைகளும் புதியவர்களைத் தேடிச் சேர்த்துக்கொள்கின்றன.

அடுத்தது எல்லை. 1960-இல் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த திருத்தணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஆந்திரத்து நகரிக்குப் போகும் அதே சாலைதான், கோடு தாண்டியதும் காவல் நிலையமும் சட்டமும் வேறு. ஈவில் ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5-இலும் அதற்கு மேலும் கான்கார்ட் என்னும் காவல்படை இருக்கும். 0.4-இலும் அதற்குக் கீழும் அது கிடையாது. மண்டலங்களுக்கு இடையிலான நுழைவாயில்களில் பீரங்கிகள் மட்டுமே. 0.0-இல் அவையும் இல்லை. இதில் புதியவர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. கான்கார்ட் தாக்குதலைத் தடுப்பதில்லை, தாக்கியவரைத் தண்டிக்கிறது. தன் மலிவான கப்பல் போனாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டு, சரக்கு நிறைந்த உங்கள் கப்பலை 0.5 மண்டலத்திலேயே ஒருவர் உடைக்கலாம். உடைந்த கப்பல் திரும்ப வராது. காப்பீடு கப்பலின் உடலுக்கு மட்டும்தான், பொருத்திய கருவிகளுக்கும் ஏற்றிய சரக்குக்கும் கிடையாது. மறுபடி வாங்க முடியாத கப்பலை ஓட்டாதீர்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான். கேரியர் ஏஜென்டுகள் என்னும் பயிற்சிப் பாத்திரங்கள் தரும் பணிகளை முடித்தாலே இலவசக் கப்பல்கள் சேரும்; அவற்றை உடையக் கொடுத்துப் பழகுங்கள்.

பணம் கொடுத்தால் பிளெக்ஸ் என்னும் நாணயத்தை வாங்கி விளையாட்டுக்குள் விற்றுப் பெரிய கப்பலும், இன்ஜெக்டர் என்னும் பொருள் வழியாகத் திறன் புள்ளிகளும் பெறலாமே, பிறகு இது காசுள்ளவனின் ஆட்டம்தானே என்று கேட்பார்கள். நியாயமான குற்றச்சாட்டு. அந்த இன்ஜெக்டர்களை நானும் ஆதரிக்கவில்லை. காத்திருந்து வளர்த்தவரின் உழைப்பை அவை மலிவாக்குகின்றன. ஆனால் எந்த வாசலில் ஆள் பதுங்கியிருப்பார், எப்போது பின்வாங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த விலையில் அடங்காது. அனுபவமில்லாதவர் வாங்கிய விலை உயர்ந்த கப்பல் எதிரிக்கு நல்ல வேட்டை, அவ்வளவுதான். ஒமேகா என்னும் கட்டணக் கணக்கின் சந்தா 2022-இல் மாதத்துக்கு 19.99 டாலராக உயர்ந்தது. நம் ஊர் மாணவருக்கு அது சின்னத் தொகை இல்லை. கார்ப்பரேஷன் என்னும் நல்ல ஆட்டக்காரர் குழு ஒன்றில் சேர்ந்து, தனக்கு வணிகமா, ஆய்வா, போரா எது பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு சந்தாவைப் பற்றி யோசித்தால் போதும்.

சர்வர் லண்டனில் இருக்கிறதே, இங்கிருந்து வேகம் போதுமா என்பது இன்னொரு தயக்கம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு இந்தத் தூரத்தால் வரும் தாமதம் பெரிய தடை. ஈவோ வினாடிக்கு ஒருமுறைதான் உலகின் நிலையைக் கணக்கிடுகிறது, எனவே சிறு தாமதம் யாரையும் தோற்கடிக்காது. இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் மட்டும் சிக்கல். ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டியிருப்பது உண்மையான பாரம். அதற்கு உதவியாக, புதியவர்களின் கேள்விகளுக்கென்றே ஒரு உரையாடல் பகுதி விளையாட்டுக்குள் திறந்திருக்கிறது. நேரம் நமக்குச் சாதகம். நம் மாலை 4.30-க்கு சர்வர் தினசரிப் பராமரிப்புக்காகச் சிறிது நேரம் நிற்கும். ஐரோப்பியர்கள் திரளும் அவர்களுடைய மாலை, நமக்கு நள்ளிரவு. இரண்டுக்கும் இடைப்பட்ட நம் மாலை ஆறு முதல் ஒன்பதுவரை கூட்டம் குறைவு, 0.4 மண்டலத்துக்குள் முதல்முறை நுழைந்து பார்க்க அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், சரக்கு எதையும் ஏற்றிக்கொள்ளாமல்.