திரையில் காணாத ஆசிரியர்

அரசுப் பள்ளியைக் களமாகக் கொண்ட அண்மைக்காலத் தமிழ்த் திரைப்படங்களுள் பெரிதும் பேசப்பட்டவை இரண்டு. ஒன்று, 2012-இல் வந்த அன்பழகனின் ‘சாட்டை’. மற்றொன்று, 2019 ஜூலையில் வந்த கௌதம்ராஜின் ‘ராட்சசி’. முன்னதில் சமுத்திரக்கனி இயற்பியல் ஆசிரியர். பின்னதில் ஜோதிகா தலைமையாசிரியை. சீர்கெட்ட பள்ளிக்கு ஒருவர் வருகிறார், சோம்பிக் கிடப்போரைத் திருத்துகிறார், பள்ளி தலைநிமிர்கிறது. இரண்டிலும் கதைப்போக்கு இதுவே.

குறையை மூடி மறைக்காதது இப்படங்களின் நிறை. கடமை தவறும் ஆசிரியரே இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஆயினும் ஒன்று நம்மை உறுத்துகிறது. அந்த ஒருவர் மாறுதல் பெற்றுச் சென்ற மறுநாள் பள்ளி என்னாகும்? ஆசிரியர்கள் ஒன்றுகூடிச் சந்தா திரட்டி, பள்ளிக்காக அரசிடம் வாதாடுவதும் உண்டென்பதை இப்படங்கள் கணக்கில் கொள்ளவில்லை.

நம் நாட்டில் பள்ளிகள் தனியொருவரால் வளர்ந்தவை அல்ல. நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராயிருந்தபோது, 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் வாரி வழங்கினர். அவர்களைத் திரட்டியோருள் ஆசிரியரும் இருந்தனர். சட்ட மேலவையில் ஆசிரியருக்கெனத் தொகுதிகள் இருந்தன. 1986-இல் மேலவை கலைக்கப்பட்டதும் அவ்வாயில் அடைபட்டது. அரசியல் கட்சிக்கு நன்கொடை அளிக்க அரசு ஊழியர் நடத்தை விதிகள் இடந்தருவதில்லை. எஞ்சியவை சங்கமும் சந்தாவும் வீதியுமே. அவ்வீதியும் எளிதாயில்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஆசிரியரும் அரசு ஊழியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘ராட்சசி’ வெளிவந்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக் கல்வி வளாகத்தில் இடைநிலை ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். 2009 மே 31 வரை பணியேற்றோர்க்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் முதல் பணியேற்றோர்க்கு 5,200 ரூபாய். வேலை ஒன்றே! அடுத்த மாதம் 22 முதல் 30 வரை ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் நடந்தது. பழைய ஓய்வூதியத்தோடு, 3,500 பள்ளிகளை மூடி இணைக்கும் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பதும் அதன் கோரிக்கை. ஆறு திங்களுக்குள் வந்த படத்தில் இவற்றின் நிழல்கூட இல்லை.

பழி முழுவதையும் திரைப்படத்தின் மீதே சுமத்துவது நியாயமாகாது. ஓய்வூதியக் கோரிக்கையை உரக்கச் சொன்ன சங்கங்கள் பள்ளிக் கோரிக்கையை மெல்லவே சொல்லின. ஆகவே, ‘சம்பளத்துக்காகத் தெருவுக்கு வந்தார்கள்’ என்ற சொல்லே மக்கள் மனத்தில் நின்றது. சந்தாவில் ஒரு பங்கை, மூடப்படவிருந்த பள்ளிகளின் நிலையைப் பெற்றோரிடம் எடுத்துரைக்கச் செலவிட்டிருந்தால் துணைக்கு ஆள் வந்திருக்கும்.

நமக்கும் இதில் பங்குண்டு. படம் பார்த்துக் கண்கலங்கும் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாற்றுக் குடும்பங்களுள் எத்தனை தம் பிள்ளையை அடுத்த தெரு மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கும்? வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. அது மூடப்படும்போது யார் கேட்பது? மீட்பர் ஒருவர் வருவாரெனக் காத்திருக்கக் கற்பிக்கும் கலை, அக்கேள்விக்கு விடை தராது. சந்தாப் புத்தகத்தோடு வீடுவீடாய் ஏறியிறங்கும் ஆசிரியரைக் கதைத் தலைவராக்கும் படம் ஒன்றையே நாம் எதிர்பார்க்கிறோம்.