புதுமண்டபத்தில் பழைய புத்தகம்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியைக் கும்பிடுவார்கள், மகாலைச் சுற்றிப் பார்ப்பார்கள், ஜிகர்தண்டா குடித்துவிட்டு ரயிலேறிவிடுவார்கள். பழைய புத்தகக் கடைப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. போட்டி குறைவு!

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டியது புதுமண்டபம். பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடத்துக்கு இன்னமும் 'புது' என்றுதான் பேர். முன்பெல்லாம் அங்கே யாளிகளுக்கு நடுவில் தையல் மெஷின்கள் கடகடக்கும். பாத்திரக் கடையைத் தாண்டினால் புத்தகக் கடைகள். கண்ணில் முதலில் படுவது கைடும் நோட்ஸும்தான். அதைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் பாவம், ஏமாந்தவர்கள்.

"பழைய நாவல் ஏதும் இருக்காண்ணே?"

"அங்கிட்டுக் கட்டுல கெடக்கும் தம்பி. நீங்களே பிரிச்சுப் பாத்துக்கங்க."

ஆகா! இதைவிட இனிக்கிற ஒரு பேச்சை எந்தக் கடைக்காரரும் என்னிடம் பேசியதில்லை.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கடைகளைப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஓசியில் இரண்டு அத்தியாயம் படித்த சுகத்தைச் சத்திரத்தில் எங்கே தேடுவது?

கட்டுகளில் நான் தேடுவது முக்கியமாக பைண்டு வால்யூம்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனைக் கிழித்துச் சேர்த்து வைத்து, வீட்டிலேயோ பைண்டரிடமோ தைத்துக்கொண்டார்களே, அந்த வால்யூம்கள். அட்டைக்குக் காலிகோ துணி, முதுகில் மசியால் எழுதிய பாகம் எண். பிரித்தால் மணியம் வரைந்த வந்தியத்தேவன் நிற்பான். தாளைத் திருப்பினால் பாதி வெட்டுப்பட்ட டானிக் விளம்பரம். ஒரு வாரத்துக் கதை முடிகிற இடத்தில் யாரோ ஒரு வீட்டம்மா பென்சிலில் 'அடுத்த வாரம் வரை பொறுக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தார். பளபளவென்று வருகிற புதுப் பதிப்பில் இது கிடைக்குமா? நூலக முத்திரை, பரிசளித்தவர் கையெழுத்து, இடையில் வைத்து மறந்த பஸ் டிக்கெட் என்று எல்லாமே எனக்குப் புத்தகத்தில் சேர்த்திதான்.

இன்னொன்று, மதுரைச் சீமையில் பிறந்த நாவலை மதுரையிலேயே வாங்கி அந்த மண்ணிலேயே படிப்பது. நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலரைத் திருப்பரங்குன்றத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள், நாயகி பூரணி பக்கத்துத் தெருக்காரி ஆகிவிடுவாள். அரவிந்தன், பூரணி என்று பிள்ளைகளுக்குப் பேர் வைக்கிற அளவுக்குத் தமிழ்நாடே அந்த நாவலில் மயங்கிக் கிடந்தது. பிறகு தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைத் திறந்து வைத்தவரும் அவர்தான். நூலகம் பிரமாதம். ஆனால் அங்கே பேரம் பேச முடியாதே!

ஜி. நாகராஜன் வேறு ரகம். 1974-இல் வந்த 'நாளை மற்றுமொரு நாளே' ஒரே நாளில் நடக்கிற கதை. ஊர்ப் பேர் சொல்லாவிட்டாலும் எந்த ஊர்ச் சந்துகள் என்று மதுரைக்காரனுக்குத் தெரியும். 'குறத்தி முடுக்கு' 1963-இல் பித்தன் பட்டறை வெளியீடாக வந்தது. அந்த முதல் பதிப்பு எந்தக் கட்டிலாவது தட்டுப்படுமா என்று இன்றைக்கும் கை அரிக்கிறது.

கமலாம்பாள் சரித்திரம் கிடைத்தால் கையோடு ஆரப்பாளையம் போய் வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட வேண்டும். எழுதிய ராஜம் ஐயர் அந்த ஊர்க்காரர். 1893-இல் விவேக சிந்தாமணி இதழில் தொடராகத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று இருந்தால் அதிகம். இருபத்தாறில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வருகிற பக்கங்களைப் பஸ்ஸில் படிக்காதீர்கள். தனியாகச் சிரித்தால் பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்காருவார். மணிக்கொடி காலத்து பி.எஸ். ராமையாவும் வாடிவாசல் எழுதிய சி.சு. செல்லப்பாவும் வத்தலக்குண்டுக்காரர்கள்தான். அந்த ஊர்த் தண்ணீரில் என்னதான் இருக்கிறதோ!

உள்ளூரோடு நிற்கவில்லை என் ஆசை. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள் கண்ணில் பட்டால் விடவே மாட்டேன், ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் புத்துயிர்ப்பு அப்படித்தான் கைக்கு வந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைத் தமிழாக்கிய எம்.ஏ. சுசீலா, மதுரை பாத்திமா கல்லூரியில் பாடம் நடத்தியவர். அந்த நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகவ் தமிழ் பேசியதில் மதுரைக்கும் பங்குண்டு என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் போகாதீர்கள், பாடப்புத்தகக் கூட்டத்தில் கடைக்காரர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பிறகு, உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி கட்டி வைத்த பைண்டு வால்யூம் ஏதாவது இருந்தால், புண்ணியமாகப் போகும், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய புத்தகக் கடையில் கொடுங்கள். அங்கே நான் வாங்கிக்கொள்கிறேன்.