பாசி தின்னும் இறால்

மீன்தொட்டியில் பாசி படர்ந்தால் மருந்து ஊற்றுவதைவிட, அதற்குக் கிடைக்கும் சத்தைக் குறைப்பதே சரியான வழி. மீன் தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் நைட்ரேட்டாக, பாஸ்பேட்டாக நீரில் தங்குகின்றன. விளக்கும் நாள் முழுக்க எரிந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? சத்தைக் குறைத்தும் மிஞ்சும் பாசியைத் தின்ன இறால் உண்டு. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ 1980களில் பாசிக்காகவே தம் தொட்டிகளில் விட்டுப் பரவலாக்கிய சிறு இறாலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இலை விளிம்பைப் பற்றிக்கொண்டு, முன்கால்களின் நுண்ணிய கொடுக்குகளால் நூல்பாசியை மாற்றி மாற்றிக் கிள்ளி வாயில் வைக்கும், எவ்வளவு நேர்த்தி! ஆனாலும் அவருடைய தொட்டிகளின் தெளிவுக்கு இறால் மட்டும் காரணமல்ல. அடர்ந்து வளர்ந்த செடிகள் பாசியை முந்திக்கொண்டு சத்தை உறிஞ்சின.

மருந்து சீக்கிரம் வேலை செய்யுமே என்பார்கள். செய்யும். ஆனால் செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மருந்தில் தாமிரம் இருந்தால் இறாலும் நத்தையும் மடியும். சத்து அப்படியே கிடப்பதால் பாசி மறுபடி தலைதூக்கும். இறாலுக்கும் எல்லை உண்டு: கண்ணாடியில் இறுகிய பச்சைப் புள்ளிகளை நாம்தான் சுரண்ட வேண்டும். விளக்கை 6 முதல் 8 மணி நேரத்தோடு அணைத்து, வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றி, தீனியை அளந்து போட்டால் மிச்சத்தை இறால் பார்த்துக்கொள்ளும்.