ஏலமலைச் சரிவில் எழுத்தும் பொருளும்

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் கல்வியைக் குறிக்க இரு சொற்கள் வழங்குகின்றன. திருக்குர்ஆனை நாம் ஓதுகிறோம்; பள்ளிப் பாடத்தைப் படிக்கிறோம். பிள்ளை ஓதி முடித்துவிட்டதா என்று கேட்பதும், எந்த வகுப்புப் படிக்கிறது என்று கேட்பதும் நம்மிடையே வெவ்வேறு வினாக்கள். ஓதுதலில் ஒலியின் செம்மை முதன்மை பெறுகிறது. எழுத்துப் பிறக்குமிடம் பிறழாமல் ஓதுவதற்கென்றே தனிக்கலை உண்டு. அது வணக்கத்தைச் சார்ந்தது. அதன் மதிப்பு வேறு. ஆனால் பள்ளிப் பாடத்தையும் நம் பிள்ளைகள் பொருளை நாடாது ஒலியளவில் உருப்போடுவார்களாயின், அது ஓதுதலும் ஆகாது, படித்தலும் ஆகாது. இக்குறையையே இங்கு ஆராய விழைகிறோம்.

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் பல கடந்து ஏறினால் போடிமெட்டு வருகிறது. சோதனைச் சாவடிக்கு இப்பால் தேனி மாவட்டம். அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அன்று வரையப்பட்ட கோட்டை, ஏலத்தோட்ட வேலைக்காக விடியலிலேயே ஜீப்பில் ஏறும் தமிழ்ப் பெண்கள் நாள்தோறும் கடக்கிறார்கள். தமிழில் கடிதம் எழுதவும் செய்தித்தாள் படிக்கவும் வல்ல ஒருத்தி, மலையாளத்தில் மட்டும் எழுதப்பட்ட ஓர் அறிவிப்பின் முன் நிற்கும்போது எழுத்தறியாதவளாகிவிடுகிறாள். கீழே போடியில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. விலை கணினித் திரையில் ஏறி இறங்குகிறது. அந்த விலையைத் தாமே பார்த்து, நேற்றைய விலையோடு ஒப்பிட்டு, தம் காயின் தரத்துக்கு அது பொருந்துமா என்று எண்ணத் தெரிந்த சிறு விவசாயிக்கும், வியாபாரி சொன்னதையே விலையென நம்பும் விவசாயிக்கும் இடையே உள்ள வேறுபாடு பள்ளிச் சான்றிதழில் தெரிவதன்று, பணப்பையில் தெரிவது. தேவையான செய்தியைத் தேடிக் கண்டு, பொருள் உணர்ந்து, ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் ஆற்றலே எழுத்தறிவு என்பதற்கு இம்மலைச் சரிவைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, எழுத்தறிவை நாம் எவ்வாறு கணக்கிட்டு வந்திருக்கிறோம் என்பதைக் காண்போம். 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்னும் அறிவிப்பை வெளியிட்டவர் அமைச்சரோ ஆளுநரோ அல்லர். முதிர்ந்த வயதில் எழுத்துக் கற்ற மலப்புரம் மாவட்டத்து முஸ்லிம் மூதாட்டி, சேலக்கோடன் ஆயிஷா என்பவரே அதனை அறிவித்தார். அதே காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தது. கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். இவை போற்றத்தக்க முயற்சிகள் என்பதில் ஐயமில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேரும் கேரளத்தில் 94 பேரும் எழுத்தறிந்தோர். ஏழு வயது நிரம்பிய ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவராயின் எழுத்தறிந்தவர் என்பது அக்கணக்கெடுப்பின் இலக்கணம். இலக்கணம் நன்று. ஆயினும் வாசலில் நின்று எழுதிக்கொள்பவர் வீட்டார் சொல்வதையே குறித்துக்கொள்கிறார். பொருள் உணர்ந்தாரா என்று சோதிப்பார் இல்லை. ஆகவே இலக்கணத்தின் உயிரான ‘பொருள்’ என்னும் சொல் ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

அச்சொல்லைச் சோதித்துப் பார்த்த தேர்வு ஒன்றும் உண்டு. பன்னாட்டு அளவில் பதினைந்து வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பீசா என்னும் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. முடிவுகள் 2011 டிசம்பரில் வெளிவந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமா என்று அத்தேர்வு கேட்பதில்லை. ஒரு பகுதியைக் கொடுத்து, அதிலிருந்து வேண்டிய செய்தியைக் கண்டெடுக்கவும், இரு செய்திகளை இணைத்துப் பொருள் கொள்ளவும், சொல்லப்பட்டதை மதிப்பிடவும் சொல்கிறது. அதில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டு மாணவர் நூற்றுக்கு 17 பேர் மட்டுமே. வளர்ந்த நாடுகளின் சராசரியோ 81. வினாக்கள் நம் நாட்டுச் சூழலுக்கு அந்நியமானவை என்று நம் நாட்டில் விளக்கம் கூறப்பட்டது. 2012, 2015, 2018 ஆகிய சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவில்லை. அவ்விளக்கத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டால் முகம் திருந்திவிடுமா?

நோய் எங்கே இருக்கிறது? பாடத்தின் இறுதியில் வினாக்கள் உள்ளன. ஆசிரியர் விடைகளைக் கோடிட்டுக் காட்டுகிறார். மாணவன் அக்கோட்டுக்குள் அடங்கியதை மனனம் செய்கிறான். அதற்கும் நேரமில்லை எனில் விடைநூல் இருக்கிறது. வினா ஒன்று, விடை ஒன்று, அவ்விடை ஓரிடத்தில் ஆயத்தமாக இருக்கிறது என்னும் நம்பிக்கையிலேயே பத்தாண்டுப் படிப்பு முடிகிறது. இப்போது கைப்பேசி வந்துவிட்டது. அதனால்தான் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று பெற்றோர் வருந்துகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. விடைநூலின் பக்கத்தைப் புரட்டிய விரல்தான் இன்று திரையைத் தள்ளுகிறது. முதலில் தென்படும் விடையை எடுத்தெழுதும் பழக்கம் கைப்பேசி தந்ததன்று, பள்ளி தந்தது, கைப்பேசி அதனை விரைவுபடுத்தியது.

மாறான காட்சி ஒன்றும் இதே மலைத்தொடரில் உண்டு. மூணாற்றுக்கு அப்பால், காட்டுவழியே நெடுந்தூரம் நடந்து சேரவேண்டியிருந்த இடமலைக்குடி என்னும் முதுவர் ஊரில், சின்னத்தம்பி என்னும் முதியவர் தம் தேநீர்க் கடையிலேயே ஒரு நூலகம் நடத்திவந்தார். முரளீதரன் என்னும் ஆசிரியர் அதற்குத் துணைநின்றார். 160 நூல்கள், சேர்க்கைக் கட்டணம் 25 ரூபாய், மாதச் சந்தா 2 ரூபாய். 2013ஆம் ஆண்டில் 37 முறை நூல்கள் எடுக்கப்பட்டதை அவருடைய பதிவேடு காட்டியது என்று பத்திரிகையாளர் சாய்நாத் 2014இல் எழுதினார். மதுரையிலிருந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்று கூறும் அம்மக்கள், சிலப்பதிகாரத்தை மலையாள மொழிபெயர்ப்பில் எடுத்துச் சென்று படித்திருக்கிறார்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் அந்த 37 முறையும் தேர்வுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. அறிய வேண்டும் என்னும் விருப்பத்தால் எடுக்கப்பட்டவை.

அந்த நூலகத்தில் வைக்கம் முகம்மது பஷீரின் நூல்களும் இருந்தன. எங்கள் பாட்டனாருக்கு ஒரு யானை இருந்தது என்று பொருள்படும் தலைப்பில் அவர் 1951இல் எழுதிய நாவலை நம் குடும்பங்கள் அவசியம் படிக்கவேண்டும். குலப்பெருமையை மட்டுமே கேட்டு வளர்ந்த, எழுத்தறியாத குஞ்ஞுபாத்தும்மாவுக்கு ஆயிஷா என்னும் தோழி எழுத்துக் கற்பிக்கிறாள். இறுதியில் அந்த யானை, மணலில் குழி பறிக்கும் குழியானை என்று சிறுவர்கள் நகையாடுகிறார்கள். சொல்லப்பட்டதைக் கேள்வியின்றி ஏற்று வந்த ஒரு குடும்பத்தின் பெருமை அந்தச் சிறு பூச்சியின் முன் சரிந்துவிடுகிறது. எழுத்து ஒரு பெண்ணுக்கு எதனைத் தருகிறது என்பதை இதனினும் எளிதாக விளக்கியவர் இல்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். அரபு எழுத்திலே தமிழை எழுதி, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புதுக் குறிகள் அமைத்து, அரபுத் தமிழ் என்னும் முறையை வளர்த்தனர். ஓதக் கற்ற எழுத்தைக்கொண்டே நம் பாட்டிமார் மார்க்கச் சட்டங்களைத் தாய்மொழியில் பொருள் உணர்ந்து படித்தனர். ஓதுதலுக்கும் படித்தலுக்கும் இடையே கட்டப்பட்ட பாலம் அது. பாலம் சிதைந்தபின் இரு கரைகளும் தனித்தனியே நிற்கின்றன.

இன்னொரு செல்வமும் நமக்குண்டு. நபிமொழியைத் திரட்டிய அறிஞர்கள் ஒரு செய்தி கிடைத்தவுடன் அதனை எழுதிக்கொள்ளவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா, அவர் நினைவாற்றல் எத்தகையது, நாணயம் எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்தனர். இமாம் புகாரியின் உழைப்பெல்லாம் இந்த இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரின் மீதே நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்தியைச் சோதிக்கும் கலையை வளர்த்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள், யார் எழுதியது என்றே அறியாத ஒரு செய்தியைக் கைப்பேசியில் கண்டதும் நாற்பது பேருக்கு அனுப்புகிறார்கள் என்றால், அது வருந்தத்தக்கதன்றோ?

இது வெறும் கல்விப் பேச்சன்று. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்துப் பதற்றம் எழுந்தபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையை விட்டு மலைவழியே தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தனர். அத்தகைய நாட்களில் மெய்யும் பொய்யும் ஒரே வேகத்தில் மலை ஏறி இறங்கும். எது உண்மை என்று கேட்கத் தெரிந்தவர் ஓர் ஊரில் பத்துப் பேர் இருந்தால், அவர்களால் ஒரு தெருவே காப்பாற்றப்படும்.

ஆகவே பெற்றோரை நாம் வேண்டுவது இதுதான். பிள்ளை ஒரு செய்தியைச் சொன்னால், சரியா தவறா என்று தீர்ப்புக் கூறுவதற்கு முன், இதனை எங்கே படித்தாய், எழுதியவர் யார், வேறொருவர் என்ன சொல்கிறார் என்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் அவர்களை ஊர்க் கிளை நூலகத்துக்கு அனுப்புங்கள், பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். மக்தபில் ஓதும் பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு வசனத்தின் பொருளையேனும் தமிழில் சொல்லட்டும். திருமறையில் முதலில் இறங்கிய கட்டளையே ஓதுமாறு பணிப்பது. அவ்விடத்திலேயே எழுதுகோலும், மனிதன் அறியாததைக் கற்பித்தலும் பேசப்படுகின்றன. ஓதுதலையும் எழுத்தையும் அறிதலையும் இறைவன் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்க, அவற்றைப் பிரித்து வைக்கும் உரிமை நமக்கில்லை.