சம்மதம் யாருடையது? – ஒரு தீர்ப்பைப் பற்றி

2008 ஜனவரி 16-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றைப் பலமுறை வாசித்தேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் விற்பவன். ஆனால் சம்மதம் இல்லாமல் வியாபாரமும் நடக்காதே.

1995 மே மாதம் டெல்லியில், 44 வயதான மணமாகாத பெண்ணொருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்தில் கிடக்கிறார். வெளியே இருந்த தாயாரிடம் கேட்டுவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து ஒன்றுமில்லை. விழித்ததும் அவரிடமே கேட்டிருக்கலாம். சுயபுத்தியுள்ள பெண்ணுக்குப் பதிலாகத் தாயும் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். செம்மையான முடிவு. இழப்பீடு 25,000 ரூபாய் என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

என் கருத்து வேறுபாடு தீர்ப்பின் நடுப்பகுதியோடு. நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்? முடிவெடுக்க அவருக்குத் தேவையானதையெல்லாம் சொல் என்பது அமெரிக்க வழி. மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது போதும் என்பது அன்றைய இங்கிலாந்து வழி. நம் நீதிமன்றம் பின்னதன் பக்கமே சாய்ந்தது. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், மருத்துவச் சொற்கள் அவர்களுக்கு விளங்கா என்பது ஒரு காரணம். படிக்காதவருக்குக் கூடுதலாக அல்லவா விளக்க வேண்டும்? எங்கள் கடைக்குப் படிக்காத ஆள் வந்தாலும், சாக்கில் குத்தூசி போட்டு உள்சரக்கைக் கையில் கொட்டிக் காட்டித்தான் விலை பேசுகிறோம். பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே 2015-இல், ஒரு தாயின் பிரசவ வழக்கில், அந்தப் பழைய அளவுகோலைக் கைவிட்டுவிட்டது.

ஹங்கேரியில் 2001-இல், குழந்தை வயிற்றிலேயே இறந்த நிலையில் வந்த ரோமா இனப் பெண் கையெழுத்திட்ட தாளில் கருத்தடை என்பது லத்தீனில் எழுதப்பட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்த 17 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 2006-இல் ஐ.நா. குழு இதை உரிமை மீறல் என்றது. இங்கே மலையாளப் படிவத்தில் கையெழுத்திடும் நம் பெண்டிரை நினைத்துக்கொண்டேன்.

1971 ஜூலையில் அக்கரை எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 60,000-க்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை நடந்தது. அநேகமாக எல்லாரும் ஆண்கள். பிற்பாடு அந்த முகாம் முறை பெண்கள் தலையில் விழுந்தது. 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், மூன்றாண்டுக்குள் முகாம்களை நிறுத்தவும், அவரவர் மொழியில் விளக்கவும், மனம் மாற ஏறத்தாழ ஒரு மணி நேரம் தரவும் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஒரு மணி நேரம்! மிளகு பேரத்துக்கே ஒரு ராத்திரி தவணை கேட்கிறோம். கர்ப்ப காலத்தில் கிராமச் செவிலி வீட்டுக்கு வரும் நாளிலேயே அந்தப் பேச்சைத் தொடங்கச் சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.